வாசனை வராமல் மீன் சமைப்பது

முதலில் ஜன்னலைச் சாத்த வேண்டும். ஊர் உலகத்தில் மீன் சமைக்கிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், நான் சாத்துவேன், ஏனென்றால் எங்கள் அடுக்களைக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் இந்தி மிஸ் குடியிருக்கிறாள், அவளும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள், அவள் வீட்டு ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும், அவளுக்கென்ன, ஒளிக்க ஒன்றும் இல்லாதவள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பஜனைக்குப் போய்விடுவாள், வர எட்டரை ஆகும், அதனால்தான் எங்கள் வீட்டில் மீன் என்றால் வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஊரே மீன் தின்னும்போது நாங்கள் சாம்பார் வைத்து அப்பளம் பொரிக்கிறோம். ஜன்னல் ஆயிற்றா, அடுத்து படுக்கையறைக் கதவு, நாளைக்குக் கட்டப்போகிற சேலை உள்ளே தொங்குகிறது, பருத்திச் சேலை எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்து தலைக்குத் துண்டு, ஒரு முடி வெளியே தெரியாமல். கண்ணாடியில் பார்த்தால் திருடப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். மணி ஆறே முக்கால். ஏழு மணிக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்துவிட வேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் வகுப்பு ஆசிரியைதான் போன் செய்து காரணம் கேட்டு ஆப்பில் பதிய வேண்டும், அது பள்ளிக்கூட விதி. இன்று மூன்றாவது நாள். காரணம் எனக்குத் தெரியும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ஆப்பில் அதற்குத்தான் கட்டம் கிடையாது, காய்ச்சல், வெளியூர், குடும்ப விசேஷம், இதர. ஏழு மணிக்குச் செய்வேன். முதலில் மீனை ஓவனில் வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பிறகு செய்வேன். கையில் மீன் நாற்றத்தோடு போனைத் தொட முடியுமா. இப்படி ஒரு சாக்கு.

கொடுவா. முக்கால் கிலோ, முழு மீன், மீன் கடைப் பையன் கழுவிச் சுத்தம் செய்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தான், அந்தப் பெட்டியைப் பார்த்தால் மாடிப்படியில் எதிரே வருகிறவர் கேக் என்றுதான் நினைப்பார். கல்லுப்பு போட்டு ஒரு முறை, மஞ்சள் போட்டு ஒரு முறை. ஓவனில் வைக்கிற மீன் மாதிரி சுலபமான சமையல் கிடையாது, வறுக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம், மிளகாய்த்தூள், மிளகு, தட்டின பூண்டு, அரை எலுமிச்சம்பழம், இரண்டு கரண்டி நல்லெண்ணெய், உப்பு, எல்லாவற்றையும் குழைத்துப் பூசி வாட்டின வாழையிலையில் பொதிந்து மேலே ஃபாயில் சுற்றினால் வேலை முடிந்தது, வாசனை உள்ளேயே கிடந்து வேகும். யாராவது செய்முறை கேட்டால் இதைத்தான் சொல்வேன், யாரும் கேட்க மாட்டார்கள், நான் மீன் சமைப்பேன் என்று யாருக்குத் தெரியும். ஒருத்திக்குத் தெரியும். கத்தியால் குறுக்கே கீற வேண்டும், ஒரு பக்கத்துக்கு மூன்று கீறல், ஒன்று, இரண்டு, மூன்றாவது கீறலில் முள்ளில் தட்டி நின்றுவிட்டது. தன்சிகா. மூன்றாம் வகுப்பு பி பிரிவு, முதல் பெஞ்சு, ஓரம். குள்ளம், அதனால் முதல் பெஞ்சு. எட்டு வயது நடக்கிறது. அழித்து அழித்து எழுதி நோட்டில் ஓட்டை விழும், ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு நோட்டை நீட்டுவாள், நான் விரலை எடு என்பேன், சிரிப்பாள். கத்தியை எடுத்து மறுபடி கீறினேன். சரியாக வரவில்லை, ஓரம் பிய்ந்துவிட்டது, பரவாயில்லை, மசாலா நன்றாக இறங்கும்.

யார் கொண்டு வந்தது இது? இப்படித்தான் கேட்டேன். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு, எழுந்து நின்று, வகுப்பு முழுவதையும் பார்த்து. யார் என்று எனக்குத் தெரியாதா, என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் டப்பா திறந்து இருந்தது, சோறு ஓரமாக இரண்டு துண்டு சங்கரா வறுவல், ஓரம் கருகின கறிவேப்பிலை. தெரிந்துகொண்டே முப்பத்தைந்து பிள்ளைகளையும் கேட்டேன், ஏனென்றால் கேள்வி அவர்களுக்கு இல்லை, வராந்தாவில் சாப்பாட்டு நேரத்து ரவுண்டு வந்துகொண்டிருந்த பிரின்ஸிபால் மேடத்துக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவம் மட்டும்தான், முட்டைகூடக் கூடாது, கையேட்டில் ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. விதி விதிதான். டப்பாவை மூடி வை, நாளையிலிருந்து கொண்டுவராதே என்று காதோடு சொல்லியிருந்தால் விதி நிறைவேறியிருக்கும், எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. நான் என்ன செய்தேன், முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினேன். அதுதான். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்று நாளாக, பல் தேய்க்கும்போது, கரும்பலகையில் தேதி எழுதும்போது. நான் மூக்கைப் பொத்தின பிறகுதான் மற்ற முப்பத்து நாலு பேரும் பொத்தினார்கள். அதுவரைக்கும் ஒருவருக்கும் ஒரு வாசனையும் வரவில்லை, அவரவர் எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஒருவன் ச்சீ என்றான், அதற்கு நான் அவனைக் கண்டிக்கவில்லை. டப்பாவை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன், வெளியே செருப்பு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வா என்றேன். அவள் சாப்பிடவில்லை. குழாயடியில் நின்று கை கழுவினாள். சாப்பாட்டு மணி முடிந்து கணக்குப் பாடம் ஆரம்பித்து நான் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டு முடிக்கிறவரை கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, போய்க் கூப்பிட்டு வாருங்கள் என்று நான் யாரையும் அனுப்பவில்லை. பிரின்ஸிபால் மேடம் மட்டும் வாசலில் நின்று, கரெக்டா ஹேண்டில் பண்ணீங்க கோமதி என்றார். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாய் விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம், உள்ளுக்குள் குளிர்ந்தது. இப்போது மீனுக்கு மசாலா பூசுகிற இதே கைதான் அந்த டப்பாவை இரண்டு விரலால் தூக்கியது.

பூண்டு கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் போக வேண்டும். இன்டர்வியூவில் பிரின்ஸிபால் மேடம் என் பெயரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், கோமதி, திருநெல்வேலி, சைவம்தானே நீங்கள்லாம் என்றார். நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிச் சமாதானம் ஆகியிருக்கிறேன், ஆமாம் என்று என் வாயால் சொல்லவே இல்லை, சும்மா சிரித்தேன். எங்கள் பக்கத்தில் சைவக்காரர்களும் இருக்கிறார்கள், எங்களைப் போல மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்களும் இருக்கிறார்கள், இருவரும் ஒரே பெயர்தான் வைப்போம், வெளியூர்க்காரிக்கு வித்தியாசம் தெரியாது, அவருக்குத் தெரியவில்லை, நான் தெரிய வைக்கவில்லை. எங்கள் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் முதலில் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து மீன் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் கையை நனைப்பார், அவர் மகள் நான். வேலை வேண்டியிருந்தது, சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை ஒன்பது வருடமாகக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். ஸ்டாஃப் ரூமில் யாராவது அசைவம் சாப்பிடுகிறவர்களைப் பற்றி முகத்தைச் சுளித்துப் பேசினால் நானும் ஒரு வார்த்தை போடுவேன். முதலில் சும்மா தலையாட்டினேன், பிறகு வார்த்தை போட்டேன், போன வருடம் எப்படித்தான் அதைத் திங்கிறாங்களோ என்று நானே ஆரம்பித்து வைத்தேன். ஓவன் வாங்கினதற்குக் காரணம் கேக் என்று சொல்லியிருக்கிறேன், அதற்காக மாதம் ஒரு கேக் செய்துகொண்டுபோய்க் கொடுக்கிறேன், இந்தி மிஸ் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்பாள், கோமதி கேக் என்றே பெயர், அது வெந்த ஓவனில் அதற்கு முந்தின நாள் என்ன வெந்தது என்று தெரிந்தால் அவள் கதி என்ன. வேறு நாளாக இருந்தால் இதை நினைத்துச் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை, அந்தப் பெண் குழாயடியில் நிற்பதுதான் வருகிறது.

இலையை மடித்தேன், ஃபாயிலைச் சுற்றினேன், ஓரங்களை இரண்டு முறை மடித்து அழுத்தினேன். இருநூறு டிகிரி. இருபத்தைந்து நிமிடம். திருகியதும் டிக் டிக் என்று ஓட ஆரம்பித்துவிட்டது, இது நிற்பதற்குள் போன் செய்துவிட வேண்டும், இது கெடு. கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், பிறகு காப்பித்தூள், பிறகு சோப்பு, முகர்ந்து பார்த்தேன், மறுபடி சோப்பு. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும், அது வெள்ளிக்கிழமை காலையில் எனக்கே தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆடி மாதம் என்று நினைக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமை, தன்சிகா நோட்டோடு வந்து நின்றாள், நான் அவள் கையைப் பிடித்து ழ எழுத வைத்தேன், அவள் எழுத்தைப் பார்க்காமல் என் விரலைப் பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள், மிஸ், எங்க அம்மா கை மாதிரியே வாசனை என்றாள். கையை இழுத்துக்கொண்டேன். மீனா, மிஸ்? என்றாள், மெதுவாகத்தான் கேட்டாள், அந்தக் கேள்வியை உரக்கக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்றென்று சொல்லத் தெரியவில்லை, இல்லை என்று சொல்லியிருக்கலாம், எத்தனையோ பேரிடம் சொன்னவள்தானே, அவளிடம் சொல்ல வரவில்லை. ஆமா, எனக்கு ரொம்பப் பிடிக்கும், யார்கிட்டயும் சொல்லாத என்று உதட்டில் விரல் வைத்தேன். அவளும் வைத்தாள். ஒன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் சொன்ன ஒரே நிஜம் அது, அதைச் சொன்னதும் மனசு லேசாகிவிட்டது, அன்று முழுக்கப் பிள்ளைகள் யாரையும் அதட்டக்கூட இல்லை. நான்கு மாதம். பெரியவர்கள் நான்கு நாள் வைத்திருக்க மாட்டார்கள், அவள் வைத்திருந்தாள். வராந்தாவில் என்னைப் பார்த்தால் சில சமயம் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஓடுவாள், எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். திங்கட்கிழமை டப்பாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்து அதே சிரிப்புச் சிரித்தாள். மிஸ், இங்க பாருங்களேன் என்றாள். வராந்தாவில் செருப்புச் சத்தம். சொல்லப்போகிறாள், எங்க மிஸ்ஸுக்கும் பிடிக்கும் என்று இப்போது வாய் திறந்து சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து கத்திவிட்டேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு நான் பயந்தேன், வேறொன்றும் இல்லை, விதியும் இல்லை, ஒழுங்கும் இல்லை, ஏழாம் பக்கமும் இல்லை. காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

பதினேழு நிமிடம் இருக்கிறது. போன் மேஜை மேலே இருக்கிறது. எண்ணைக்கூட எடுத்து வைத்துவிட்டேன், தன்சிகா அம்மா என்று வருகிறது, பச்சையைத் தொட்டால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் மாதிரி தயார் செய்திருக்கிறேன், நான் அன்னைக்கு நடந்துகிட்டது தப்பு, குழந்தைகிட்ட நானே மன்னிப்புக் கேக்கணும், போனைக் கொஞ்சம் குடுங்க. மூன்று வாக்கியம். மனப்பாடம் ஆகாத பிள்ளை மாதிரி நடு வாக்கியத்தில் போய் நின்றுவிடுகிறது. கதவு திறக்கும் சத்தம், என் வீட்டுக்காரர், ஆவுடையப்பன், இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்துவிட்டார், வந்ததும் மூக்கை உறிஞ்சினார், சந்தோஷமாக, அவருக்கு இதெல்லாம் ஒளிக்கிற விஷயமே இல்லை. “என்னட்டி, எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்க, மூச்சு முட்டுது” என்றார். “அவ வர எட்டரை ஆகும், அதுவரைக்கும் சும்மா இருங்க” என்றேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார், மீனோடு பச்சை வெங்காயம் வேண்டும் அவருக்கு. “அந்தப் பிள்ள வீட்டுக்குப் போன் போட்டியா?” நேற்று அவரிடம் ஒரு பிள்ளை வரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். “போடணும்.” “எப்பம் போடுவ? பொழுது போகுதுல்லா?” “இந்தா போடுதேன்.” “அதுக்கு என்னதான் ஆச்சு, காய்ச்சலா?” நான் அடுப்பு மேடையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே துடைத்தேன். “சாப்பாட்டுல ஏதோ கொண்டு வந்துட்டா. நம்ம ஸ்கூல் ரூல்ஸ்தான் தெரியும்லா.” “என்னத்தக் கொண்டு வந்தா, பாம்பா?” “மீனு.” சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். “நீ என்ன சொன்ன?” “வெளிய போய்ச் சாப்பிடச் சொன்னேன்.” கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீயா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார், திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன், எனக்கென்று நியாயம் இல்லாமலா போய்விடும், வேலை, வீட்டுக் கடன், பையன் ஹாஸ்டல். அவர் மறுபடி வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. ஓவனுக்குப் பக்கத்தில் நின்றதால் என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சையைத் தொட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். “தன்சிகா அம்மாங்களா? நான் கோமதி மிஸ் பேசறேன், கிளாஸ் டீச்சர்” என்றேன், பள்ளிக்கூடத்துக் குரல், எங்கிருந்துதான் வருமோ, வீட்டில் நைட்டியோடு தலையில் துண்டோடு நின்றாலும் தானாக வந்துவிடுகிறது. “ஐயோ மேடம், சொல்லுங்க மேடம்” என்று அந்தம்மா பதறினாள், “நானே பண்ணணும்னு இருந்தேன் மேடம், பயந்துகிட்டுப் பண்ணல, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு ஒரே அழுகை. தப்பு எங்க மேலதான். ரூல்ஸ் தெரிஞ்சேதான் வச்சு அனுப்பிட்டேன், மன்னிச்சுக்குங்க மேடம்.” என் வாக்கியம் வாசல் வரை வந்து நின்றது. நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள், இனி நான் எதைக் கேட்பது. இல்லங்க, நான்தான் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தேனா, ஆரம்பிக்க நினைத்தேனா, அவள் நிறுத்தவே இல்லை. “உண்மையச் சொல்லணும்னா மேடம், அவதான் அடம் புடிச்சா. எங்க மிஸ்ஸுக்கு மீனுன்னா ரொம்பப் புடிக்கும், ஒரு பீஸ் அவங்களுக்கு, வச்சே ஆகணும்னு. நான் சொன்னேன் மேடம், அடியே, அவங்கள்லாம் சைவம்டி, மோந்துகூடப் பாக்க மாட்டாங்கன்னு. இல்லம்மா, மிஸ்ஸே எங்கிட்ட சொன்னாங்கன்னு சத்தியம் பண்றா! தலையில அடிச்சு சத்தியம் பண்றா மேடம். இத்துணூண்டு வயசுல வாய் கூசாம இப்டி ஒரு பொய். அன்னிக்கு சாயந்தரம் கால்லயே ரெண்டு வச்சேன். மூணு நாளாக் கேக்குறேன், பொய்தான் சொன்னேன்னு ஒத்துக்கடி, விட்டுர்றேன்னு. ஒத்துக்கவே மாட்டேங்கறா.”

எனக்கு ஒரு துண்டு. இரண்டு துண்டில் ஒன்று எனக்கு. அதைத்தான் இங்க பாருங்களேன் என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் முதலில் வந்தது வேறு. அந்தம்மா நம்பவில்லை. அந்தப் பெண் சொல்லிவிட்டாள், சொல்லியும் யாரும் நம்பவில்லை, நான் தப்பித்தேன். இதுதான் முதலில் வந்தது, நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது, இறங்கின பிறகுதான் அது யார் மேல் இறங்கியது என்று தெரிந்தது. அவள் பொய் சொல்லவில்லைம்மா என்றால் போதும். நான்கு வார்த்தைகூட இல்லை. நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன், “அடிக்காதீங்கம்மா, சின்னக் குழந்தைதானே, எதையாவது கற்பனை பண்ணிக்கும்” என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன், பெற்றோர் கூட்டத்தில் சொல்கிற மாதிரி. “உங்க நல்ல மனசு மேடம்” என்றாள் அந்தம்மா. வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. “இந்தா, மிஸ் லைன்ல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்ருக்கேன், வா, சாரி சொல்லு” என்று அங்கே சத்தம், தரையில் காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற சத்தம், எனக்கு அந்த நடை தெரியும், விரலை எடு என்று சொல்லும்போது நோட்டோடு அப்படித்தான் வருவாள்.

“சாரி மிஸ்.” நாங்கள் கற்றுக்கொடுத்த சாரி, கையைக் கட்டிக்கொண்டுதான் சொல்லியிருப்பாள். “பரவால்லடா” என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டேன், பாருங்கள். “நாளைக்கு வரியா?” “ம்.” போனை வைக்கலாமா என்று நினைத்தேன், வைத்தால் தேவலை என்று இருந்தது. “மிஸ், சாப்டீங்களா?” என்றாள். “இன்னும் இல்லடா.” “என்ன மிஸ் சாப்பாடு?” போனில் பேசினால் எல்லோரும் கேட்பதுதான், பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கேட்பதுதான், அவள் சும்மா கேட்டாளா, அம்மா பக்கத்தில் நிற்கிறாள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக் கேட்டாளா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மூன்று நாள் அழுகையும், காலில் வாங்கின அடியும், சத்தியமும், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நேராகிவிடும். என் வீட்டில் பிரின்ஸிபால் இல்லை. இந்தி மிஸ் பஜனையில் இருக்கிறாள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. இரண்டடி தள்ளி ஓவனில் கொடுவா வெந்துகொண்டிருக்கிறது, இலை வாடி எண்ணெய் பொரிகிற சத்தம்கூடக் கேட்கிறது. மீன் என்று சொன்னால் அந்தம்மா நாலு பேரிடம் சொல்வாள், பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்களிடம் சொல்வாள், சொல்லாமலும் இருப்பாள், யார் கண்டது. இதையெல்லாம் யோசித்துப் பதில் சொன்னேன் என்றால் அதுவும் பொய். யோசிக்கவே இல்லை. “ரசம் சாதம்டா” என்றேன்.

“ரசமா மிஸ்?” “ஆமாடா.” பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் சொன்னது கேட்டது, குரல் சின்னதாக, ஆனால் தெளிவாக. “அம்மா, மிஸ் வீட்ல ரசமாம். நான் பொய்தான் சொன்னேன்.”

“பாத்தீங்களா மேடம், மூணு நாளா எங்கிட்ட ஒத்துக்காதவ, உங்க குரலக் கேட்டதும் ஒத்துக்கிட்டா” என்றாள் அந்தம்மா, நிம்மதியாகச் சிரித்தாள், நாளைக்குக் கட்டாயம் அனுப்பி வைக்கிறேன் என்றாள், ரொம்ப தேங்க்ஸ் மேடம் என்றாள். நான் என்ன சொன்னேனோ, குட் நைட் சொல்லியிருப்பேன். போன் அணைந்துவிட்டது. மறுபடி அதே எண்ணைத் தொட்டால் இரண்டாவது மணியில் எடுப்பார்கள். கையில் வைத்துக்கொண்டே நின்றேன், திரை ஒரு முறை இருண்டது, தொட்டு எழுப்பினேன், மறுபடி இருண்டது, இந்தத் தடவை எழுப்பவில்லை. அதற்குள் ஓவன் மணி அடித்தது. அவர்தான் எழுந்து போய்த் திறந்து, துணி பிடித்துத் தட்டை வெளியே எடுத்தார், ஃபாயிலைப் பிரித்தார், ஆவி முகத்தில் அடித்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டேன், தண்ணீர் எடுத்து வைத்தேன், தலையில் கட்டின துண்டை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

“வருதாமா நாளைக்கி?” என்றார், சாப்பிட உட்கார்ந்து.

“வருதாம்.”

அவர் தலையாட்டினார். நடுமுள்ளை நீளமாக உருவி ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்துச் சதையைப் பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தார், எப்போதும் அந்தப் பக்கத்தை எனக்குத்தான் வைப்பார். வேண்டாம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், பசி இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். மூன்று நாளாக மதியம் சரியாகச் சாப்பிடாமல் நல்ல பசி. சாப்பிட்டேன். உப்பு, காரம், வேக்காடு எல்லாம் சரியாக இருந்தது, இன்னொரு துண்டும் போட்டுக்கொண்டேன்.